சொல்லும் சார்பும்

நிறுத்தத்தில் இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறி முடிந்ததும், நடத்துநர் ஓட்டுநரை நோக்கிப் ‘போகலாம்’ என்று குரல் கொடுக்கிறார். அது கட்டளை, அடுத்த நொடியில் வண்டி நகர்கிறது. பத்து நாள் படுக்கையில் கிடந்த நோயாளியிடம் மருத்துவர், ‘இனி வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார். அது நற்செய்தி, குடும்பமே முகம் மலர்கிறது. நிலத் தகராறு பற்றி முறையிட வந்த உழவன் மனுவை நீட்டியபடி நிற்கிறான். மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அதிகாரி தலை நிமிராமலே, ‘நீ போகலாம்’ என்கிறார். அது விரட்டல்!

சொல் ஒன்றுதான், எழுத்தும் ஒலியும் அவையேதான். பொருளோ மூன்று. அந்த மூன்று பொருளும் அகராதியிலிருந்து வந்தவையல்ல. சொன்னவர் யார், கேட்டவர் யார், இருவருக்கும் இடையே உள்ள உறவு யாது என்பதிலிருந்து பிறந்தவை.

இந்த உண்மையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பல பொருளுக்கு உரிய ஒரு சொல் வருமாயின், அதனோடு சேர்ந்து வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் அதன் பொருளைத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்து வைத்திருக்கிறது. ‘மா’ என்றால் மரமும் உண்டு, விலங்கும் உண்டு. பூத்தது என்றால் மரம் என்கிறோம். பாய்ந்தது என்றால் விலங்கு என்கிறோம். சார்பு காட்டிக்கொடுத்து விடுகிறது.

ஆனால், சொற்களில் மற்றொரு வகையும் உண்டு. ‘மா’ என்பதற்கு இதுவா அதுவா என்ற ஐயம் மட்டுமே எழும். ஒன்றைத் தேர்ந்துவிட்டால் ஐயம் தீரும். ‘விரைவில்’ என்பதற்கோ, ‘நியாயமான’ என்பதற்கோ, ‘தக்க’, ‘போதிய’, ‘இயன்றவரை’ என்பவற்றிற்கோ எல்லைக்கோடே கிடையாது. விரைவு எத்தனை நாளில் முடிந்து தாமதம் எந்த நாளில் தொடங்குகிறது என்று எந்த அகராதியும் கூறாது. இத்தகைய சொற்களுக்குச் சார்பு துணை மட்டும் அன்று. சார்பே அவற்றின் முழுப்பொருள்.

‘சார்பு’ என்ற சொல்லையே சற்று எண்ணிப் பாருங்கள். இலக்கணத்தில் அதற்குச் சூழல் என்று பொருள். அரசியலிலோ பக்கம் என்று பொருள். தெளிவற்ற சொல் ஒன்று சட்டத்தில் ஏறி அமர்ந்துவிட்டால், இந்த இரு பொருளும் ஒன்றாகி விடுகின்றன. சூழல் யாருடைய கையில் இருக்கிறதோ, அவர் பக்கம் அந்தச் சொல் சாய்கிறது. இயக்கப் பணியாற்றும் தோழர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இது.

வீட்டிலும் கடைவீதியிலும் தெளிவற்ற சொல்லால் தீங்கில்லை. ‘கொஞ்சம் உப்புப் போடு’ என்றால் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. குறைந்தால் மறுபடியும் போடலாம். மிகுந்தால் நாக்கே கூறிவிடும். சொல்பவரும் கேட்பவரும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறார்கள். பிழை நேர்ந்தால் இருவரும் உணர்கிறார்கள், உடனே திருத்துகிறார்கள். ஆட்சியின் சொல் அப்படிப்பட்டதன்று. சொல்பவர் ஓரிடம், கேட்பவர் ஓரிடம். தாமதத்தால் ஒருவர் இழப்பது எதுவும் இல்லை. மற்றவர் இழப்பது வாழ்வு! அந்த நிலையில் ‘விரைவில்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் உரிமையைக் காத்திருப்பவனிடம் எவர் கொடுக்கிறார்?

ஏட்டறிவுக்காக இதைக் கூறவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பை ஒரு சொல் விழுங்கிய வரலாறு உண்டு. அதை முதலில் காண்போம்.

அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்ற கொடுமை சட்டத்தின் பெயராலேயே நடைபெற்று வந்தது. 1954 மே 17-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பிரவுன் வழக்கில், அந்தப் பிரிவினை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் படித்த அத்தீர்ப்பை உலகமே பாராட்டிற்று. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது: என்றைக்கு?

கறுப்பின மக்களுக்காக வாதாடிய தர்குட் மார்ஷலும் அவருடைய தோழர்களும் நாள் குறிக்கச் சொல்லிக் கேட்டார்கள். உடனே தொடங்க வேண்டும், இன்ன நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். மன்றம் நாள் குறிக்கவில்லை. 1955 மே 31-இல் வெளியிட்ட இரண்டாவது தீர்ப்பில், வேற்றுமையை ‘எல்லா நிதானத்தோடும் கூடிய விரைவில்’ நீக்குக என்று மட்டும் கூறி, மேற்பார்வையை அந்தந்த வட்டார நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. விரைவும் வேண்டுமாம், நிதானமும் வேண்டுமாம்! கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே குதிரையைத் தட்டியது போன்ற சொல்.

இங்கேதான் சார்பின் திருவிளையாடலைக் காண்கிறோம். வாஷிங்டன் நகரிலும் பால்டிமோரிலும், நாள் குறிக்கப்படுவதற்கு முன்பே, 1954-ஆம் ஆண்டு பள்ளி திறந்தபோதே சேர்க்கை மாறத் தொடங்கிற்று. செய்ய வேண்டும் என்று எண்ணியவருக்கு எந்தச் சொல்லும் தடையாக இல்லை. தெற்கே, செய்யக் கூடாது என்று உறுதி பூண்டவர்களின் கையிலோ அதே தீர்ப்பு வேறாயிற்று. அவர்கள் ‘விரைவு’ என்ற சொல்லைப் படிக்கவே இல்லை. ‘நிதானம்’ என்ற சொல்லை மட்டும் படித்தார்கள். ஆண்டுதோறும் ஒரு திட்டம். திட்டத்தின் மேல் ஒரு வழக்கு. வழக்கின் மேல் ஒரு வாய்தா! 1957-இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைவதற்கு, குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப வேண்டி வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு வட்டத்தார் அதனினும் ஒரு படி மேலே போனார்கள். எல்லாரும் ஒன்றாகப் படிப்பதைவிட எவரும் படிக்காதிருப்பதே மேல் என்று 1959-இல் பொதுப் பள்ளிகளையே பூட்டிவிட்டார்கள்! வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தெருதான் கிடைத்தது. பூட்டுத் திறந்தது 1964-இல்.

1963-64 பள்ளியாண்டின் கணக்கைப் பாருங்கள். அடிமை முறையைக் காக்க ஒரு காலத்தில் போர் தொடுத்த 11 தென் மாநிலங்களில், வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. பத்தாண்டு ‘விரைவு’ ஈட்டித் தந்த பயன் இது! 1964-இல் பிரின்ஸ் எட்வர்டு வழக்கில், வெறும் நிதான விரைவுக்கான காலம் தீர்ந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றமே கூற வேண்டியதாயிற்று. 1969 அக்டோபர் 29-இல்தான், மிசிசிப்பி மாநில வழக்கொன்றில், அந்தச் சொல்லைக் கைவிட்டு, ‘உடனே’ என்றது மன்றம். அன்று நாள் கேட்டு வாதாடிய மார்ஷல், இம்முறை நீதிபதிகளுள் ஒருவராய் அதே மன்றத்தில் வீற்றிருந்தார்.

1955-இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு கறுப்பினக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து அது பள்ளியை விட்டு வெளியேறியது 1967-இல். ‘விரைவு’ வந்து சேர்ந்தது 1969-இல்! நீதிமன்றத்துக்கு அது ஒரு சொல். அந்தக் குழந்தைக்கு அது பள்ளிப்பருவம் முழுவதும்.

மன்றம் தீய எண்ணத்தோடு அச்சொல்லைத் தேர்ந்தது என்று நாம் கூறவில்லை. கலவரம் வராமல், பையப் பையப் பழக்கிக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். பிழை எண்ணத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. எந்தச் சீர்திருத்தத்தை எவர் எதிர்த்தாரோ, அந்தச் சீர்திருத்தத்தின் வேகத்தை அளக்கும் கோலை அவர் வாழும் வட்டாரத்திலேயே விட்டுவைத்தார்கள். அதன் பின்னர் அகராதி என்ன செய்யும்?

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நமக்கும் ஒரு சொல்லோடு போராடிய வரலாறு உண்டு; அங்கே நீதிமன்றம் நாடிய வழியினின்று சற்று மாறுபட்ட வழியில் அப்போராட்டம் முடிந்தது. அதனாலேயே அது மிகவும் கற்கத்தக்கது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றும், ஆங்கிலம் 15 ஆண்டுகளுக்கு நீடிக்கும் என்றும் வகுத்தது. 1965 சனவரி 26 அந்தக் கெடு. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்று பண்டித நேரு 1959 ஆகஸ்டு 7-இல் நாடாளுமன்றத்தில் உறுதிமொழி தந்தார். அந்த உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் தருவதாகக் கூறி 1963-இல் ஆட்சிமொழிகள் மசோதா கொண்டுவரப்பட்டது. 15 ஆண்டு கழிந்த பிறகும் இந்தியோடு கூட ஆங்கிலம் ‘தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்’ என்றது அம்மசோதாவின் மூன்றாம் பிரிவு. ஆங்கிலத்தில் ‘மே’ என்ற ஒற்றைச் சொல். ‘ஷல்’ அன்று, ‘மே’!

‘தொடர வேண்டும்’ என்றால் கடமை. ‘தொடரலாம்’ என்றால்? தொடராமலும் போகலாம் என்பதும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறதே! அந்த ஒரு சொல்லைக் கண்டுதான் இந்தி பேசாத பகுதிகளின் உறுப்பினர்கள் ஐயுற்றார்கள். இந்தச் சூழலில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றே பொருள் என நேரு விளக்கம் தந்தார். அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதிவிட்டால் என்ன என்று திராவிட முன்னேற்றக் கழகத்தினர் திருப்பிக் கேட்டனர். எழுதப்படவில்லை. மசோதா ‘மே’ என்ற சொல்லோடே சட்டமாயிற்று.

இந்த இடத்தில் நேருவை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. அவர் கூறியதில் ஓர் உண்மை இருந்தது. சொல்லுக்குச் சூழலே பொருள் என்றால், 1963-ஆம் ஆண்டின் சூழலில், உறுதிமொழி கொடுத்தவரே தலைமை அமைச்சராக வீற்றிருக்கையில், ‘தொடரலாம்’ என்பதற்குத் ‘தொடரும்’ என்று அவர் பொருள் கொண்டது இயல்பே. ஆனால் அந்தச் சூழல் ஒரு மனிதரின் மூச்சைச் சார்ந்திருந்தது. 1964 மே 27-இல் நேரு மறைந்தார். மூச்சு நின்றது, சட்டப் புத்தகத்தில் சொல் மட்டும் நின்றது. சொன்னவர் போன பிறகு அதன் பொருளை எவரிடம் கேட்பது?

கெடு நாள் நெருங்க நெருங்க அச்சம் மிகுந்தது. 1964 சனவரி 25-இல் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். 1965 சனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் மாண்டன. மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11-ஆம் நாள் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். ஒரு சொல்லுக்காகவா இத்தனை பேர் மாண்டார்கள் என்று இன்று சிலர் கேட்கக்கூடும். சொல்லுக்காக அன்று, ஒரு மக்களின் மொழியும் அவர்தம் பிள்ளைகளின் வேலைவாய்ப்பும் எவருடைய விருப்பத்தைப் பொறுத்து நிற்க வேண்டும் என்பதற்காக!

அதன் பின்னர் நடந்ததுதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது. 1967 டிசம்பரில் இந்திரா காந்தி அரசு அச்சட்டத்தைத் திருத்தியது. 1968 சனவரியில் திருத்தம் சட்டமாயிற்று. ‘மே’ நீங்கி ‘ஷல்’ வந்ததோ? இல்லை! மூன்றாம் பிரிவின் முதல் உட்பிரிவில் ‘மே’ அப்படியே இருக்கிறது. ஆனால், ஐந்தாவது உட்பிரிவு ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் எனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவற்றை ஆய்ந்த பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதுவரையில் அந்த ஏற்பாடு நீடித்தே தீரும் என்றது அது. மேலும், இந்தியை ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலமே பயன்பட வேண்டும் என்ற இடத்தில் ‘ஷல்’ இடம் பெற்றது.

என்ன நடந்தது, பாருங்கள்! ‘தொடரலாம்’ என்ற சொல் மாறவில்லை. அதைச் சுற்றி நின்ற வேலி மாறிற்று. நேற்றுவரை டில்லியின் விருப்பம் அச்சொல்லுக்குப் பொருள் சொன்னது. திருத்தத்துக்குப் பிறகு, சென்னைச் சட்டமன்றம் இசையாமல் ஆங்கிலத்தை அகற்ற வழியில்லை என்ற நிலை அதற்குப் பொருள் சொல்கிறது. ஒரே எழுத்து, ஒரே ஒலி, ஆனால் பொருள் வேறு. 1963-இல் ‘தொடரலாம்’ என்பது ஓர் ஆட்சியாளரின் வாக்கு. 1968-இல் அதே ‘தொடரலாம்’ ஒரு மக்களின் உரிமை. மொழியுரிமைக்கு அத்தோடு எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று கூறவில்லை. அந்தச் சட்டத்தையும் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. எனினும், திறவுகோல் எவர் கையில் என்ற கேள்விக்குச் சட்டமே விடை எழுதி வைத்தது. அந்த விடைதான் வெற்றி.

இவ்வளவும் படித்த ஒரு தோழர், ‘அப்படியானால் தெளிவற்ற சொற்கள் அனைத்தையும் சட்டத்திலிருந்து களைந்து எறிய வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். வேண்டா. அவசரப்பட வேண்டா. தெளிவற்ற சொல் எளியவனுக்குக் கேடயமாக நின்ற வேளையும் உண்டு.

1950-இல் சென்னை அரசு ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற வார ஏட்டை மாநிலத்துக்குள் நுழைய விடாமல் தடுத்தது. உச்ச நீதிமன்றம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் அந்தத் தடையைச் செல்லாதது ஆக்கிற்று. அதைக் கண்ட ஒன்றிய அரசு, 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களைப் பெருக்கிக்கொண்டது. அது உரிமைக்கு இழப்புத்தான். ஆனால், அதே திருத்தத்தில் முன்பு இல்லாத ஒரு சொல்லும் உள்ளே வந்தது: கட்டுப்பாடுகள் ‘நியாயமான’ கட்டுப்பாடுகளாக இருக்க வேண்டும். நியாயம் என்பதற்கு எல்லை ஏது? ‘விரைவு’ போலவே அதுவும் ஒரு மங்கலான சொல்தானே? ஆம். ஆனால் அதற்குப் பொருள் சொல்லும் இடம், கட்டுப்பாடு விதிக்கும் அமைச்சரின் அறையன்று. அவருக்கு வெளியே நிற்கும் நீதிமன்றம்!

1952-இல், சென்னை மாநிலத்திலிருந்து சென்ற வி. ஜி. ராவ் வழக்கில், அச்சொல்லை எப்படி அளப்பது என்று உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. பறிக்கப்படும் உரிமை எத்தகையது, கட்டுப்பாட்டின் நோக்கம் யாது, தடுக்க வேண்டிய தீமை எவ்வளவு பெரிது, எவ்வளவு அவசரமானது, தீமைக்கும் தடைக்கும் பொருத்தம் உண்டா, அன்றைய நிலைமை என்ன என்பனவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட வேண்டும் என்றது. நியாயம் என்பதற்கு எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் கிடையாது என்றும் ஒப்புக்கொண்டது. அதாவது, சார்பைப் பார் என்றது! தொல்காப்பியர் காட்டிய வழி நீதிமன்றத்தில் ஒலித்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ஆகவே, சொல் மங்கலாக இருப்பது குற்றமன்று. எதிர்காலத்தில் என்னென்ன நேரும் என்று எந்தச் சட்டமும் முன்கூட்டி எழுதிவிட முடியாது. மங்கலான சொல்லில்தான் மனிதர் மூச்சுவிட இடம் இருக்கிறது. குற்றம் எதுவெனில், அச்சொல்லால் கட்டுண்டு கிடக்க வேண்டியவரே அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் பெற்றிருப்பது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் நாளைய சிக்கல் ஒன்றைப் பார்ப்போம். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்புவதானால் ‘இயன்ற விரைவில்’ அனுப்ப வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 200-ஆம் விதி. எத்தனை நாள் என்ற கணக்கு இல்லை. குடியரசுத் தலைவர் பற்றிய இதே வகை விதியின் வரைவில் ‘ஆறு வாரங்களுக்கு மிகாமல்’ என்ற கணக்கு இருந்தது. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அதை நீக்கி ‘இயன்ற விரைவில்’ என்று திருத்தினார்கள். கெடு இல்லாத சொல் வேண்டா, ஆறு வாரமே இருக்கட்டும் என்று எச். வி. காமத் வாதாடினார். ஏற்கப்படவில்லை. ஆறு வாரத்துக்கும் முன்னதாகவே செயல்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் வந்த மாற்றம் என்றார்கள். நல்லெண்ணம் என்ற சூழல் இருந்தவரை அச்சொல் நன்றாகத்தான் இருந்தது.

பின்னர் என்ன ஆயிற்று? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாக்கள் ஆண்டுக்கணக்கில் ஆளுநர் மாளிகையில் உறங்கின. 2023 நவம்பரில் அவை ஒப்புதலின்றித் திரும்பி வந்தன. சட்டமன்றம் அதே மாதத்தில் 10 மசோதாக்களை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிற்று. அவை குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்செயல் செல்லாது என்று கூறி, அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றனவாகக் கருதப்படும் என்றது. ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் விதிக்க இயலாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறையும் பொருந்தாது என்று கருத்துரைத்தது. காரணம் கூறாமல் நெடுங்காலம் வாளாவிருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் பணிக்கலாம் என்றது.

நெடுங்காலம் என்பது எவ்வளவு காலம்? மறுபடியும் எல்லையில்லாச் சொல்! ஒரு மங்கலான சொல்லை விளக்கப் புகுந்து மற்றொரு மங்கலான சொல்லில் வந்து நிற்கிறோம். நீதிபதிகளைக் குறைகூறி இந்தச் சிக்கல் தீராது. சொல்லின் பொருளை நீதிமன்றம் ஓரளவுதான் நிமிர்த்தலாம். வேலியை அமைக்க வேண்டியது அரசியல். 1967-இல் அதைத்தான் செய்தோம்.

செய்ய முடியுமா என்று மலைப்பவர்களுக்கு ஒரு சான்று காட்டுகிறோம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். கேட்ட தகவலை ‘இயன்ற விரைவில்’ தர வேண்டும் என்றுதான் அதுவும் தொடங்குகிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. எப்படியாயினும் 30 நாளுக்குள் என்று அடுத்த மூச்சிலேயே கூறுகிறது. விடையே வரவில்லையானால் மறுத்ததாகக் கருதப்படும் என்கிறது. மேல்முறையீட்டுக்கு வழி காட்டுகிறது. காரணமின்றிக் காலம் தாழ்த்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரையில் தண்டம் விதிக்க இடம் தருகிறது. ஒரு சாதாரணக் குடிமகனின் பத்து ரூபாய் மனுவுக்கு இத்தனை வேலி கட்ட முடிந்த நாட்டில், கோடிக்கணக்கான மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சட்டமன்றத்தின் மசோதாவுக்கு ஒரு வேலி கட்ட முடியாதா? முடியாது என்பவர், முடியாது என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்கிறார்!

தோழர்களே, இதை டில்லிக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய சங்கதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பட்டா மனுவுக்கு வரும் மறுமொழியைப் பாருங்கள்: ‘ஆவன செய்யப்படும்.’ சாலை கேட்டு எழுதிய கடிதத்துக்கு வரும் பதிலைப் பாருங்கள்: ‘பரிசீலனையில் உள்ளது.’ ஆலைத் தொழிலாளியின் ஊதியக் கோரிக்கைக்கு நிருவாகம் தரும் வாக்கைப் பாருங்கள்: ‘உரிய நேரத்தில் தக்க முடிவு.’ இவை பொய்கள் அல்ல. பொய் என்று மெய்ப்பிக்கவே முடியாதபடி இழைக்கப்பட்ட சொற்கள். ‘ஆவன’ எவை? ‘உரிய நேரம்’ எது? சொன்னவர் மனத்தில்கூட விடை இராது.

அத்தகைய சொல்லைக் கண்டு கோபங்கொண்டு பயனில்லை. அதன் முன் மூன்று கேள்விகளை வையுங்கள். இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்பவர் யார்? எந்த நாளுக்குள்? அந்த நாள் தவறினால் எங்கே முறையிடுவது? மூன்றுக்கும் விடை இருந்தால், சொல் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை; ஒப்புக்கொள்ளலாம். ஒன்றுக்கும் விடை இல்லையானால், சொல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் மாலை போட்டு வரவேற்க வேண்டியதில்லை. பேச்சு வார்த்தை முடிந்து எழுந்திருப்பதற்கு முன், ஒப்பந்தத் தாளில் தேதிக்கு விடப்பட்ட இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறரைக் கேட்கும் இக்கேள்விகளை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கிளைக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால், ‘விரைவில் படிப்பகம் அமைப்பது’, ‘இயன்றவரை உறுப்பினர் சேர்ப்பது’ என்ற வரிகள் எத்தனை கிடக்கும்! எதிரியின் ‘விரைவில்’ சூழ்ச்சி என்றும், நம்முடைய ‘விரைவில்’ நல்லெண்ணம் என்றும் கூறிக்கொள்வோமாயின், மக்கள் சிரிப்பார்கள். காத்திருப்பவனுக்கு இரண்டும் ஒரே சொல். அடுத்த கூட்டத்தில் அந்த வரிகளின் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள்.